நார்த்தங்காய் இல்லன்னா எலுமிச்சை போட்டுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட சமையல் பக்கத்துல நார்த்தங்காய் பச்சடி செய்முறை வந்திருந்துச்சு. பார்த்ததும் அவ்ளோ சந்தோஷம், ஏன்னா இப்பல்லாம் சமையல் பக்கம்னாலே பனீரு, காளான், பாஸ்தான்னுதான் வருது, கிணத்து மேட்டுல காய்க்கிற காயை பத்தி யாரு எழுதுறா. ஆனா படிச்சிட்டே வந்து கடைசி வரில நின்னுட்டேன். நார்த்தங்காய் கிடைக்காதவங்க அதுக்கு பதிலா ரெண்டு எலுமிச்சம்பழம் சேர்த்துக்கலாம்னு போட்டிருந்தீங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். கோவத்துல எழுதலைங்க, ஆனா மனசு கேக்கல, ரெண்டு நாளா அதே நெனப்பா இருந்துச்சு, அதான் லீவுக்கு வந்திருக்கற என் தங்கச்சி மகளை போன்ல டைப் பண்ண சொல்லி நான் சொல்ல சொல்ல அனுப்புறேன், பேச்சு பேச்சாவே இருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க. அவ பெரியகுளத்துல தோட்டக்கலை காலேஜ்ல படிக்கிறா, அதனால நடுநடுவுல அவ சொல்ற விஷயமும் இதுல வரும்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம் சேலம் பெங்களூரு ரோட்டோரமா 19 வருஷமா சின்னதா ஒரு மெஸ் நடத்துறேன். மத்தியானம் 80 சாப்பாடு போகும், லாரி டிரைவருங்க, மாங்கா சீசன்ல மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு கொண்டு வர்றவங்க, பக்கத்து கடைக்காரங்கன்னு எல்லாரும் வருவாங்க. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 2004ல தனித்தனி மாவட்டமா பிரிஞ்சாலும் சமையல் என்னவோ ஒண்ணுதான், களி, கீரை கடைசல், கொள்ளு, மொச்சை, அவரை. புளிப்புன்னா இங்க முதல்ல புளி, அடுத்தது தக்காளி. பாலக்கோடு ராயக்கோட்டை தக்காளி எங்கெங்கயோ போகுது, தருமபுரி புளியை தெரியாத மளிகைக்கடை இல்ல, மாங்காய பத்தி கேக்கவே வேணாம். இவ்ளோ புளிப்பு கையில இருக்கறதாலயோ என்னவோ எலுமிச்சை, நார்த்தை, கிடாரங்காய், சாத்துக்குடி, கமலா, பம்பளிமாஸ் இதுங்களை நம்ம ஊர்ல யாரும் பெருசா மதிக்கிறதில்ல, எல்லாம் ஒரே சாதி, எது இருந்தாலும் புழிஞ்சா புளிப்புதானேன்னு ஒரு நெனப்பு. உங்க செய்முறைல வந்த அந்த வரியும் அந்த நெனப்புலேர்ந்து வந்ததுதான்னு எனக்கு தோணுது.

நார்த்தங்காய் பச்சடில நாம சாப்பிடறது சாறே இல்லைங்க. தோலு. தோலும் அதுக்கு கீழ இருக்கற வெள்ளை சதையும்தான் பச்சடி. ஒரு நார்த்தங்காயை குறுக்க அரிஞ்சு பாத்தா தெரியும், விரல் தடிமனுக்கு தோலே இருக்கும், நடுவுல கொஞ்சூண்டு சுளை. எலுமிச்சைல தோலு எங்க இருக்கு, காகிதம் மாதிரி இருக்கும். ரெண்டு எலுமிச்சையை புழிஞ்சு வெல்லத்தை போட்டு கொதிக்க வெச்சா வர்றது வெல்லத்தண்ணி, பச்சடி ஆகாது, மெல்றதுக்கு ஒரு துண்டு கூட இருக்காது, அதோட எலுமிச்சை சாறு கொதிச்சா வர்ற கசப்பு வேற, அது நார்த்தங்காயோட கசப்பு மாதிரி நாக்குல வந்து போற கசப்பு இல்ல, தொண்டைலயே நிக்கிற கசப்பு. புது பொண்ணு ஒருத்தி பேப்பரை பாத்து முதல் தடவையா இதை செஞ்சு பாத்தா, நார்த்தங்காய் பச்சடின்னா இவ்ளோதானான்னு நெனச்சுட்டு அப்புறம் வாழ்நாள் பூரா அந்த பக்கமே போக மாட்டா. அதை நெனச்சாதான் எனக்கு வருத்தம்.

எங்க ஆயா செஞ்ச முறையை சொல்றேன், முடிஞ்சா போடுங்க. கை அளவு காய் ஒண்ணு, பச்சையும் இல்லாம பழுத்தும் போகாம லேசா மஞ்சள் தட்டினது. கொட்டையை எடுத்துட்டு பொடியா அரிஞ்சு கல்லுப்பும் மஞ்சத்தூளும் போட்டு பிசிறி ஒரு மணி நேரம் வெச்சிடணும். அப்புறம் தண்ணி ஊத்தி ஒரு கொதி விட்டு அந்த தண்ணியை கீழ கொட்டிடணும், இதை விட்டுட்டா கசப்பு ஆளை அடிச்சிடும், ரெண்டு தடவை கொட்டிட்டா அப்புறம் நார்த்தங்காய்க்கு என்ன வேலை, அதனால ஒரு தடவைதான். நல்லெண்ணெயில கடுகு, பெருங்காயம், கீறின பச்சமிளகாய் 5, வெந்த துண்டு, சின்ன நெல்லிக்காய் அளவு புளி கரைச்சு ஊத்தி, துண்டு நல்லா மெத்துனு ஆனதுக்கு அப்புறம்தான் வெல்லம். முன்னாடியே வெல்லத்தை போட்டா துண்டு வெறச்சு போயிடும், அப்புறம் எவ்ளோ நேரம் கொதிச்சாலும் வேகாது. கடைசில ஒரு ஸ்பூன் அரிசி மாவு கரைச்சு விட்டு இறக்கிடணும். இனிப்பு, புளிப்பு, கசப்பு, காரம், உப்பு எல்லாம் ஒரே வாயில வரும். எங்க மெஸ்ல செவ்வாக்கிழமை இது உண்டு, அன்னைக்கு மட்டும் வர்றதுக்குன்னே ஆள் இருக்காங்க.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு, பேரு. எங்க கடைக்கு ஆந்திரா பக்கத்துலேர்ந்து, கடப்பா, சித்தூர்லேர்ந்து வர்ற டிரைவருங்க இந்த பச்சடியை வாயில வெச்சதும் அக்கா இது தப்பகாய் தானேன்னு கேப்பாங்க, அங்க அதை புழிஞ்சு புளியோதரை மாதிரி கிளறுவாங்களாம். மைசூர் பக்கத்து ஆளுங்க ஹேரளேகாய்ம்பாங்க, அவங்களுக்கு அது சித்ரான்னத்துக்கு. நம்ம ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசற வீடுங்க எவ்ளோ இருக்கு, அங்கல்லாம் போய் நார்த்தங்காய் இருக்கான்னு கேட்டா சில பேருக்கு தெரியாது, இந்த பேரை சொன்னா உள்ள போய் எடுத்துட்டு வருவாங்க. கிடைக்காதவங்கன்னு நீங்க எழுதினது பாதி இதனாலதான், காய் கிடைக்காம இல்ல, பேரு தெரியாம இருக்கு. அதே மாதிரி கிடாரங்காயையும் நார்த்தங்காயையும் ஒண்ணுன்னு நெனக்கிறவங்களும் இருக்காங்க. எங்க சந்தைல கிடாரங்காய்னு விக்கிறது உருண்டையா, தோலு சொரசொரன்னு, சாறு ஜாஸ்தியா இருக்கும், அது ஊறுகாய்க்குதான் லாயக்கு, பச்சடிக்கு சரிப்படாது. ஒரு செய்முறை போடும்போது நாலு ஊர்ல என்ன பேருன்னு ஒரு வரி சேர்த்து போட்டீங்கன்னா அதுவே பெரிய உதவி.

நான் இப்படி புலம்பிட்டு இருந்தப்பதான் என் தங்கச்சி மக ஒண்ணு சொன்னா. நார்த்தை இனம், பம்பளிமாஸ், கமலா இந்த மூணும் ரொம்ப பழைய மூலமாம், இன்னும் ஒண்ணு ரெண்டு காட்டு இனமும் இருக்காம், நாம இப்ப சாப்பிடற மத்ததெல்லாம் இதுங்க ஒண்ணோட ஒண்ணு கலந்து வந்ததாம். இமயமலை அடிவாரத்துலதான் இதுங்க தோணுச்சுன்னு 2018ல பெரிய ஆராய்ச்சி வந்திருக்கு. சாத்துக்குடி, ஆரஞ்சு எல்லாம் பம்பளிமாஸும் கமலாவும் கலந்தது. நம்ம வீட்டு எலுமிச்சை ஒரு காட்டு இனத்து பூவுல நார்த்தை மகரந்தம் சேர்ந்து வந்ததாம். அப்போ எலுமிச்சைக்கு நார்த்தை அப்பா முறை ஆகுது. அப்பாவும் மகனும் ஒரே ஆளா ஆகிடுவாங்களா சொல்லுங்க.

இன்னொண்ணும் சொன்னா, இங்கிலீஷ்ல லெமன்னு சொல்றது நம்ம எலுமிச்சை இல்லியாம், அது பெருசா நீளமா கெட்டித் தோலோட மஞ்சளா இருக்கறது, நம்மளோடது லைம். யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க லெமன் தோலை துருவி கேக்ல போடறதை பாத்து நம்ம பழத்தை துருவினா அவ்ளோ வராது, கொஞ்சம் அழுத்தினாலே வெள்ளையும் சேர்ந்து வந்துடும், கசக்கும். பழைய காலத்துல இங்கிலாந்து கப்பல்காரங்களுக்கு பல் ஈறு அழுகி ரத்தம் வந்து ஸ்கர்வின்னு ஒரு நோவுல கொத்து கொத்தா செத்தாங்களாம், 1747ல ஜேம்ஸ் லிண்ட்னு ஒரு டாக்டர் கப்பல்ல 12 பேரை ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு குடுத்து பாத்ததுல ஆரஞ்சும் லெமனும் தின்ன ரெண்டு பேர்தான் சீக்கிரம் தேறினாங்களாம். அப்புறம் கப்பல் பூரா லெமன் சாறு குடுத்து நோவு நின்னுச்சு. பின்னாடி 1860கள்ல எல்லாம் ஒண்ணுதானேன்னு லெமனுக்கு பதிலா லைம் சாறை பாட்டில்ல அடைச்சு குடுக்க ஆரம்பிச்சாங்க, அதுல வைட்டமின் சி கம்மி, பனிக்கடல் பக்கம் போன கப்பல்ல நோவு திரும்ப வந்துடுச்சாம். இதை கேட்டப்ப எனக்கு உங்க பேப்பர்ல வந்த அந்த வரிதான் ஞாபகம் வந்துச்சு, பதிலா போட்டுக்கலாம்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை செஞ்சு பாக்கணும்.

எலுமிச்சையை நான் குறைச்சு பேசறேன்னு நெனச்சுடாதீங்க. மெஸ்ல எனக்கு அது இல்லாம ஒரு நாள் ஓடாது. ஆனா அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு, அடுப்பை விட்டு இறக்கினதுக்கு அப்புறம்தான் அது உள்ள வரணும். எலுமிச்சை சாதத்துக்கு நிறைய பேரு தாளிப்பு கொதிக்கும்போதே சாறை ஊத்திடறாங்க, உங்க பேப்பர்லயும் ஒரு தடவை அப்படி வந்துச்சு. ஊத்தினதும் வாசம் பூரா ஆவியோட போயிடும், வைட்டமின் சியும் சூட்டுல நிக்காது, கசப்பு மட்டும் மிஞ்சும். நான் கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, பச்சமிளகாய், இஞ்சி, மஞ்சத்தூள் எல்லாம் தாளிச்சு இறக்கி, கை பொறுக்கற சூடு வந்தப்புறம் உப்பு கலந்த சாறை விட்டு, ஆறின சாதத்துல பிசறுவேன். ஒரு கிலோ அரிசிக்கு 7, 8 பழம், சாறு கம்மியான காலத்துல 10. பழத்தை தரைல வெச்சு உள்ளங்கையால ரெண்டு உருட்டு உருட்டிட்டு அரிஞ்சா சாறு நல்லா வரும், ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே புழிஞ்சா பாதிதான் வரும். கொட்டை ஒண்ணு கூட விழக்கூடாது. பருப்பு ரசம்னாலும் இதே கதைதான், நுரை கட்டினதும் இறக்கிட்டு சாறு. பருப்பு வேகும்போதே புளிப்பை போட்டா பருப்பு வேகவே வேகாது, இது புளிக்கும் தக்காளிக்கும் கூட பொருந்தும், புதுசா சமைக்கிறவங்க குக்கர்ல எல்லாத்தையும் ஒண்ணா போட்டுட்டு பருப்பு வேகலன்னு கடைக்காரர் மேல பழி போடறாங்க.

பதிலா போடறதுன்ன உடனே நான் பண்ண தப்பையும் சொல்லிடறேன். 2022 ஏப்ரல்ல நாடு பூரா எலுமிச்சை விலை ஏறுச்சு ஞாபகம் இருக்கும், எங்களுக்கு ஒரு பழம் 12 ரூபாய்க்கு வந்து நின்னுச்சு. 10 நாள் நான் லெமன் சால்ட் வாங்கி கரைச்சு சாதம் கிளறினேன். கல்யாண வீட்டுல, ஹோட்டல்ல எல்லாம் போடறதுதான், விஷம் ஒண்ணும் இல்ல, எலுமிச்சைல இருக்கற அதே சிட்ரிக் அமிலம்தான், 1784ல ஷீலேன்னு ஒருத்தர் எலுமிச்சை சாறுலேர்ந்துதான் முதல்ல பிரிச்சு எடுத்தாராம், இப்ப பழமே இல்லாம சர்க்கரைப்பாகுல ஒரு கறுப்பு பூஞ்சையை வளத்து ஃபேக்டரில எடுக்கறாங்க. கலரும் அதே மஞ்சள், புளிப்பும் அதே புளிப்பு. ஆனா மூணாவது நாள் ஒரு பெரியவர், வருஷக்கணக்கா வர்றவரு, பாதில கையை கழுவிட்டு எழுந்து, ஏம்மா இன்னைக்கு சாதத்துல வாசமே இல்லியேன்னு கேட்டுட்டு போனாரு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. புளிப்பு சாறுல இருக்கு, வாசம் தோல்ல இருக்கற எண்ணெய்ல இருக்கு, பழத்தை கையால புழியும்போது அந்த எண்ணெயும் கூட இறங்குது, பொடில அது எங்கேர்ந்து வரும். அதுலேர்ந்து விலை ஏறினா எலுமிச்சை சாதத்தை நிறுத்திட்டு புளி சாதம் போடறேன், நம்ம ஊர் புளி இருக்கே, அது அதுவா இருக்கட்டும்.

கமலா ஆரஞ்சு கார்த்திகை மார்கழில வண்டி வண்டியா வரும், நாக்பூர்லேர்ந்து வரும், குடகுலேர்ந்து வரும், ஏற்காட்டு பழமும் கொஞ்சம் வரும். எல்லாரும் சுளையை தின்னுட்டு தோலை குப்பைல போடறாங்க. அந்த தோல்ல ஒரு புளிக்குழம்பு இருக்குங்க, ஓசூர் பக்கம் கன்னடக்காரங்க வீட்டுல அதை கொஜ்ஜுன்னு செய்வாங்க. உள்பக்கம் இருக்கற வெள்ளையை கத்தியால வழிச்சு எடுத்துட்டு பொடியா நறுக்கி, நல்லெண்ணெயில சுருள வதக்கி, கெட்டியா கரைச்ச புளி, சாம்பார் பொடி, கொஞ்சம் தாராளமா வெல்லம், எண்ணெய் பிரியற வரைக்கும் கொதிக்க விடணும். நாலு பழத்து தோலு ஒரு கிண்ணம் குழம்பு ஆகும், ஒரு வாரம் கெடாது, தோசைக்கு, களிக்கு, தயிர் சாதத்துக்கு எல்லாத்துக்கும் ஆகும். தோலு தொளதொளன்னு தனியா கழண்டு வர்ற கமலாதான் இதுக்கு சரி, சாத்துக்குடி தோல்ல பண்ணி பாத்தேன், சகிக்கல. பளபளன்னு ஸ்டிக்கர் ஒட்டி வர்ற வெளிநாட்டு ஆரஞ்சும் வேணாம், மெழுகு பூசி இருக்கும். எந்த தோலா இருந்தாலும் வெதுவெதுப்பான உப்பு தண்ணில தேய்ச்சு கழுவிட்டு செய்ங்க.

சாத்துக்குடிக்கு ரசம். சாத்துக்குடி சாறை புழிஞ்சு அரை மணி, ஒரு மணி வெச்சு பாருங்க, கசக்க ஆரம்பிச்சிடும், ஜூஸ் கடைல உடனே குடிங்கன்னு சொல்றது அதனாலதான். புழியும்போது கசப்பு இல்லாத ஒரு பொருள் சாறுல இருக்கற புளிப்பு பட்டு கொஞ்சம் கொஞ்சமா லிமோனின்னு கசப்பா மாறுதாம். அதனால ரசம் நுரை கட்டி இறக்கி, இலை போட்டப்புறம்தான் பழத்தை அரியணும். அதுல புளிப்பு ரொம்ப கம்மி, எலுமிச்சை சாறுல நூத்துக்கு 5லேர்ந்து 8 வரைக்கும் அமிலம் இருக்குன்னா இதுல ஒண்ணு கூட தேறாது, அதனால ஒரு தக்காளியை கரைச்சு விட்டு கொதிக்க வெச்சுக்கணும். காய்ச்சல்ல கெடந்து வாய் கசந்து போனவங்களுக்கு இந்த ரசத்தை குடுத்து பாருங்க, ரெண்டு வாய் சாதம் கூட இறங்கும்.

பம்பளிமாஸ் பத்தி ரொம்ப சொல்ல எனக்கு இல்ல, சுளையை உரிச்சு உப்பு, மிளகாத்தூள், கொஞ்சம் வெல்லம் போட்டு பிசறி திங்கறதுதான், அதை அடுப்புல ஏத்தவே கூடாதுன்னு என் கட்சி. ஆனா பிரஷருக்கு, கொழுப்புக்கு மாத்திரை போடறவங்க டாக்டரை கேட்டுட்டு சாப்பிடுங்க, சில மாத்திரையோட அது சேர்ந்தா மாத்திரை ரத்தத்துல அளவுக்கு மேல நின்னுடும், இதை உங்க பேப்பர்ல கட்டம் கட்டி போட்டா நல்லது.

இலையை மறந்துட்டேன். நார்த்தை இலை, எலுமிச்சை இலை, ரெண்டுலயும் கொழுந்தும் இல்லாம முத்தலும் இல்லாம நடு இலையா பாத்து, நடு நரம்பை கிழிச்சு எடுத்துட்டு, வரமிளகாய், ஓமம், பெருங்காயம், புளி, உப்பு வெச்சு உரல்ல இடிச்சு உருண்டை புடிச்சு வெப்பாங்க. பேரு வேப்பிலைக்கட்டி, ஆனா வேப்பிலை ஒண்ணு கூட கிடையாது. மோர் சாதத்துக்கு ஒரு உருண்டை இருந்தா வேற எதுவும் வேணாம். எங்க ஆயா ஒரு ஜாடி நிறைய வெச்சிருக்கும், அது பக்கத்து ஜாடில உப்பு நார்த்தங்காய், காயை அறுந்து போகாம சுருள் சுருளா அரிஞ்சு உள்ள கல்லுப்பை அடைச்சு ஊற வெச்சு, அப்புறம் வெயில்ல காய வெச்சது. ஜுரம்னா கஞ்சியோட அதுல ஒரு கிள்ளு. அலுமினியத்துலயோ பித்தளைலயோ எங்க ஆயா இதுங்களை வெச்சதே இல்ல, புளிப்பு அதை அரிச்சு கஞ்சில கலந்துடும்னு சொல்லும், இப்பவும் நான் எவர்சில்வர்ல அரிஞ்சு ஜாடிலதான் போடறேன்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்து சொல்லணும், இது எந்த சமையல் பக்கத்துலயும் நான் படிச்சதில்ல. ரெண்டு வருஷம் முன்னாடி சித்திரை மாசம் 100 எலுமிச்சை ஊறுகாய்க்கு அரிஞ்சுட்டு கையை சரியா கழுவாம மாடில போய் மிளகாய் காய போட்டுட்டு அரை மணி நேரம் வெயில்லயே நின்னுட்டேன். மறுநாள் புறங்கை பூரா செவந்து எரிச்சல், அப்புறம் கொப்புளம், அது ஆறி கறுப்பு கறுப்பா நின்ன திட்டு மறைய ரெண்டு மாசம் ஆச்சு. சூடு பட்டுடுச்சோன்னு நெனச்சேன், டாக்டர்தான் எலுமிச்சை தோல் எண்ணெய் மேல பட்டு வெயில் பட்டா இப்படி ஆகும்னு சொன்னாரு. ஊறுகாய் போடறவங்க, பிள்ளைங்களை வெச்சு பழம் புழிய சொல்றவங்க, சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு அப்புறம் வெயில்ல போங்க.

எல்லாத்தையும் விட எனக்கு முக்கியமா படறது ஒண்ணு இருக்கு. நம்ம பக்கம் ராகி களி, கீரை சாப்பிடற ஊரு. ராகில கால்சியம் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, அரிசில அதுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. இரும்புச்சத்தும் ராகிலயும் கீரைலயும் இருக்கு. ஆனா 2019, 2021 சமயத்துல எடுத்த தேசிய குடும்ப நல கணக்கெடுப்புல தமிழ்நாட்டு பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு வந்திருக்கு. சாப்பாட்டுல இருக்கறது உடம்புல சேர மாட்டேங்குது, தானியத்துல இருக்கற ஃபைட்டேட்னு ஒண்ணு இரும்பை புடிச்சு வெச்சுக்குதாம், டீயும் அப்படித்தான். கூடவே வைட்டமின் சி போனா அது இரும்பை உடம்புல சேர்க்கும். அதுக்கு மாத்திரை கடைக்கு போக வேணாம், கீரை கடைசலை தட்டுல போட்டப்புறம் அரை மூடி எலுமிச்சை புழிஞ்சா போதும். சட்டில புழிய வேணாம், கீரை பச்சை போய் மண்ணு கலர்ல ஆகிடும், தட்டுலதான். எங்க மெஸ்ல களி வாங்கறவங்களுக்கு கேக்காமலே ஒரு மூடி வெப்பேன், வயசு பொண்ணுங்க வந்தா ரெண்டு மூடி வெப்பேன், சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீங்க, ஒரு மணி நேரம் போகட்டும்னு சொல்லியும் விடுவேன். இதுக்கு அந்த உப்பு நார்த்தங்காய் ஆகாது, உப்புல ஊறி வெயில்ல காஞ்சதுல வைட்டமின் சி என்ன பெருசா நிக்கப்போகுது. இங்க எலுமிச்சைதான் வேணும். பாத்தீங்களா, எலுமிச்சைக்கு பதிலா நார்த்தங்காய்னு நான் மட்டும் எழுத விடுவனா.

எங்க ஆயா வீட்டு நார்த்தை மரம் துணி துவைக்கிற கல்லு பக்கத்துல இருந்துச்சு, அந்த தண்ணிலயே வளந்தது. வீடு இழுத்து கட்டும்போது வெட்டிட்டாங்க, வெட்டினது எங்க ஆளுங்கதான். அந்த தெருவுலயே 4 மரம் இருந்துச்சு, இப்ப ஒண்ணும் இல்ல. மாங்கன்னு வேணும்னா நம்ம ஊர்ல எந்த நர்சரிலயும் 20 ரகம் இருக்கு, நார்த்தை கேட்டா பாக்கறாங்க. கிருஷ்ணகிரில வருஷா வருஷம் மாங்கனி கண்காட்சி நடக்குது, எவ்ளோ ஜனம் வருது, அதுல ஒரு மூலைல தோட்டக்கலைக்காரங்க நார்த்தை, கிடாரங்காய், எலுமிச்சைன்னு நாலு கன்னு வெச்சு வித்தா என்னவாம், உங்க பேப்பர் எழுதினா கேப்பாங்க. பெரியகுளத்துல எடுத்த பிகேஎம் 1 எலுமிச்சை நல்லா காய்க்குதுன்னு என் தங்கச்சி மக சொல்றா, அது மாதிரி நார்த்தைக்கும் யாராவது மெனக்கெட்டா நல்லது.

நான் மூணு வருஷம் முன்னாடி சொந்தக்காரங்க வீட்டுலேர்ந்து ஒரு பதியம் கொண்டாந்து மெஸ் பின்னாடி கை கழுவற தண்ணி போற எடத்துல வெச்சேன். முதல் வருஷம் இலை பூரா புழு, பறவை எச்சம் மாதிரியே இருக்கும், தொட்டா தலைலேர்ந்து செவப்பா ரெண்டு கொம்பை நீட்டி ஒரு நாத்தம் விடும், பட்டாம்பூச்சி புழுவாம் அது, மருந்து அடிக்காம ஒண்ணு ஒண்ணா கையால எடுத்து விட்டேன். இந்த வருஷம்தான் காய் புடிச்சுது, 11 காய். ஒண்ணு கூட விக்கல, எல்லாம் செவ்வாக்கிழமை பச்சடிக்கே போச்சு.

நீங்க பெருசா ஒண்ணும் பண்ண வேணாம். வர்ற ஞாயித்துக்கிழமை அந்த கடைசி வரியை மட்டும் திருத்தி, நார்த்தங்காய்க்கு நார்த்தங்காய்தான், தப்பகாய், ஹேரளேகாய்னு கேட்டு பாருங்கன்னு போட்டுடுங்க.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணம் வாசகி